அடித்தவர் மனதில் என்ன இருந்தது? தற்காப்புச் சட்டம் பற்றிய எளிய விளக்கம்

"வேணும்னு செய்யல, தற்காப்புக்குத்தான் செஞ்சேன்." கம்பம், கூடலூர், குமுளி, வண்டன்மேடு என்று தமிழ்நாடு–கேரள எல்லையின் இரு பக்கமும் அடிதடி வழக்குப் பேச்சு வந்தால் இந்த வாக்கியம் தவறாமல் வரும். இதற்குள் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு வாதங்கள் கிடக்கின்றன. "வேணும்னு செய்யல" என்றால், காயப்படுத்தும் எண்ணமே எனக்கு இல்லை என்று மறுப்பது. "தற்காப்புக்குச் செஞ்சேன்" என்றால், வேண்டுமென்றேதான் அடித்தேன், அடிக்க எனக்கு உரிமை இருந்தது என்று ஒப்புக்கொள்வது. போலீசிடம் முதலாவதைச் சொல்லிவிட்டு கோர்ட்டில் இரண்டாவதைச் சொன்னால், நீதிபதி இரண்டையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். உண்மையிலேயே உயிர் பயத்தில் கையை ஓங்கியவர்கள்கூட இந்தக் குழப்பத்தால் வழக்கை இழக்கிறார்கள். அதனால் இதை முதலிலிருந்து பார்ப்போம்.

எண்ணம் இரண்டு இடத்தில் வருகிறது

பெரும்பாலான குற்றங்களுக்கு இரண்டு பாகம் உண்டு. ஒன்று செயல். மற்றொன்று அந்தச் செயலோடு சேர்ந்த கெட்ட எண்ணம் அல்லது அறிவு. இந்த இரண்டாவதைக் குற்றமனம் என்பார்கள். கை தவறி அரிவாள் நழுவிப் பக்கத்தில் நின்றவர் காலில் விழுந்தால், அங்கே வெட்டும் எண்ணம் கிடையாது. வழக்கு அந்த இடத்திலேயே மாறிவிடுகிறது.

தற்காப்பு அப்படி இல்லை. தன்னை வெட்ட வந்தவன் கையில் ஓங்கி அடிப்பவருக்கு அடிக்கும் எண்ணம் நிச்சயமாக இருக்கிறது. செயலும் எண்ணமும் கூடியே இருக்கின்றன. அதற்குப் பிறகுதான் சட்டம் அடுத்த கேள்வியைக் கேட்கிறது: அந்த நேரத்தில் அவர் எதை நம்பினார், எதற்காகச் செய்தார்?

இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இந்த இரண்டாம் கட்டக் கேள்விகள் 3-ஆம் அத்தியாயத்தில், 14 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கின்றன. அத்தியாயத்தின் பெயர் பொது விதிவிலக்குகள். அதில் 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமை. இந்தச் சட்டம் 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த சம்பவத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள்தான் பொருந்தும். எண்கள் மாறினாலும் சரக்கு ஏறக்குறைய அதேதான்.

இதுவரை வந்தது இவ்வளவு: குற்றத்துக்கு ஓர் எண்ணம் தேவை, விலக்குக்கு வேறொரு மனநிலை தேவை. முதலாவது இருப்பதால் இரண்டாவது இல்லாமல் போய்விடாது.

மலைப்பாதையில் மூன்று ஓட்டுநர்கள்

குமுளியிலிருந்து லோயர் கேம்ப்புக்கு இறங்கும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவில் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. மூன்று ஜீப்புகள் தாண்டுகின்றன.

முதல் ஓட்டுநர் பாதையில் ஒரு குழந்தையைப் பார்த்தார், ஒடித்தார். குழந்தை உண்மையிலேயே இருந்தது. இரண்டாமவர் மூடுபனியில் கிடந்த சாக்கு மூட்டையைக் குழந்தை என்று நினைத்து ஒடித்தார். மூன்றாமவர் முன்னால் போகும் லாரியை முந்தும் அவசரத்தில் கோட்டைத் தாண்டினார். அவர் விட்டுவிலகிய இடத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது, ஆனால் அவர் அதைப் பார்க்கவே இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே செயல். முதலாமவர் விஷயத்தில் நிலவரமும் நம்பிக்கையும் ஒத்துப்போகின்றன. இரண்டாமவரிடம் நம்பிக்கை இருந்தது, நிலவரம் இல்லை. மூன்றாமவருக்கு நிலவரம் இருந்தது, நம்பிக்கை இல்லை. தற்காப்பில் மனநிலையின் பங்கு பற்றிய அத்தனை சிக்கலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றாகச் சட்டத்துக்குள் கொண்டுபோவோம்.

முதலாமவர்: நியாயமான அச்சம்

பிரிவு 38, தாக்கியவரைக் கொல்லும் அளவுக்கு உரிமை எப்போது நீளும் என்று சொல்கிறது. தடுக்காவிட்டால் சாவு வரும், அல்லது கொடுங்காயம் வரும் என்ற அச்சத்தை அந்தத் தாக்குதல் நியாயமாக உண்டாக்க வேண்டும். பாலியல் வன்முறை, கடத்தல், அமில வீச்சு போன்றவையும் அந்தப் பட்டியலில் உண்டு. கொடுங்காயம் என்றால் சட்டத்தில் வரையறுத்த கடுமையான காயம்: எலும்பு முறிவு, பல் உடைதல், பார்வை போதல், 15 நாள் கடும் வலியோடு கிடத்தல் போன்றவை. இந்த அளவுக்கு வராத தாக்குதலுக்கும் தற்காப்பு உரிமை உண்டு. உயிரை எடுக்கும் அளவுக்கு மட்டும் அது போகாது.

"நியாயமான அச்சம்" என்பதில் இரண்டு சோதனை. அச்சம் உண்மையாக இருந்திருக்க வேண்டும், பிற்பாடு ஜோடித்ததாக இருக்கக் கூடாது. அந்த இடத்தில் அதே நிலையில் இருக்கும் சாதாரண மனிதருக்கும் அந்த அச்சம் வரக்கூடியதாக இருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் நடுங்கும் ஒருவரின் தனிப்பட்ட பயம் மட்டும் போதாது. அதேபோல, ஏ.சி. அறையில் உட்கார்ந்து ஆறு மாதம் கழித்து யோசிப்பவரின் நிதானத்தையும் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. தாக்கப்படுகிறவர் திருப்பி அடிப்பதைத் தங்கத் தராசில் நிறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1952-லேயே சொல்லிவிட்டது. இன்றுவரை தற்காப்பு வழக்குகளில் வக்கீல்கள் எடுத்துக்காட்டும் வரி அது.

ஒரு ஏலத்தோட்டக் காவலாளியை நினைத்துப் பாருங்கள். இரவு பதினொரு மணி. ஸ்டோருக்குப் பின்னால் சத்தம். டார்ச் அடிக்கிறார். மூன்று பேர், ஒருவன் கையில் கொடுவாள். "யாருடா?" என்ற குரலுக்கு அவர்கள் ஓடவில்லை, கொடுவாள்காரன் முன்னால் வருகிறான். எட்டு அடி தூரம். கதவில் சாத்தி வைத்திருந்த மரக்கட்டையை எடுத்துத் தலையில் அடிக்கிறார். சட்டம் இங்கே எண்ணிப் பார்ப்பது இவற்றை: எத்தனை பேர், கையில் என்ன, எவ்வளவு தூரம், வெளிச்சம் எவ்வளவு, வந்தவன் வந்துகொண்டிருந்தானா திரும்பிக்கொண்டிருந்தானா, ஓடித் தப்ப வழி இருந்ததா. வழி இருந்தும் ஓடவில்லை என்பதற்காக மட்டும் உரிமை போய்விடாது. தாக்கப்படும்போது ஒருவர் கோழைபோல் ஓட வேண்டியதில்லை என்பதை 2010-இல் பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

முதல் அடி விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தாக்கும் முயற்சியாலோ மிரட்டலாலோ நியாயமான அச்சம் எழுந்த நொடியில் உரிமை தொடங்குகிறது, அச்சம் நீடிக்கும்வரை நீடிக்கிறது. இதைச் சொல்வது பிரிவு 40. கடிகாரம் ஓடுவது எதிராளியின் கையை வைத்து இல்லை, தற்காத்துக்கொள்பவரின் நியாயமான அச்சத்தை வைத்து. கொடுவாள் கீழே விழுந்து அவன் ஓட ஆரம்பித்த பிறகு, பின்னால் துரத்திப் போய் அடித்த இரண்டாவது அடிக்கு இந்தக் கடிகாரம் உதவாது. அச்சம் முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது கோபம்.

இரண்டாமவர்: தவறாக நம்பியவர்

ஒரிசாவில் கைவிடப்பட்ட ஒரு விமான தளம். பழைய இரும்பு வாங்க வந்த கல்கத்தா வியாபாரியோடு ஒரு நேபாளப் பணியாளும் வந்திருந்தார். அந்த இடத்தில் பேய் உலவுகிறது என்று ஊரே நம்பியது. இரவில் தொலைவில் ஒரு வெளிச்சம் ஆடியது. சுற்றி ஆள் நடமாட்டம்போல் தெரிந்தது. பேய் என்று நம்பி அந்தப் பணியாள் குக்ரி என்ற நேபாளக் கத்தியோடு பாய்ந்து வெட்டினார். அங்கே இருந்தவர்கள் அரிக்கேன் விளக்கோடு இலுப்பைப் பூ பொறுக்க வந்த பழங்குடிப் பெண்கள். ஒருவர் இறந்தார், வேறு பெண்களுக்குக் காயம். 1960-இல் சட்ட அறிக்கைகளில் வெளியான தீர்ப்பில் ஒரிசா உயர் நீதிமன்றம் அவருடைய விடுதலையை உறுதி செய்தது.

படிக்கும்போது மனம் ஒப்பாது. ஒரு பாவமும் அறியாத பெண் செத்திருக்கிறாரே என்று தோன்றும். ஆனால் நீதிமன்றம் பார்த்தது அவர் மனதை: மனிதரைத் தாக்குகிறோம் என்ற எண்ணமே அவரிடம் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்திருக்கலாமே என்று அரசுத் தரப்பு கேட்டது. பேய்தான் என்று அவர் உறுதியாக நம்பிவிட்ட நிலையில், கூட வந்த உள்ளூர்க்காரர்களும் அதையே நம்பியிருந்த நிலையில், அந்தத் தவறைக் கவனக்குறைவு என்று நீதிமன்றம் கொள்ளவில்லை.

இந்த விலக்கு இப்போது பிரிவு 17-இல் இருக்கிறது. நிலவரத்தைப் பற்றிய தவறான நம்பிக்கையால், சட்டம் தன் செயலை நியாயப்படுத்துகிறது என்று நல்லெண்ணத்தோடு நம்பிச் செய்தது குற்றமாகாது. சட்டத்தில் நல்லெண்ணம் என்பதற்கு நல்ல மனசு என்று பொருள் இல்லை. உரிய கவனத்தோடும் அக்கறையோடும் செய்யப்பட்டது மட்டுமே நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டது. குடித்துவிட்டு, விசாரிக்காமல், "அவன்தான்னு நெனச்சேன்" என்று வெட்டியவருக்கு நல்ல மனசு இருந்திருக்கலாம், சட்டம் கேட்கும் நல்லெண்ணம் இருந்திருக்காது.

நிலவரம் பற்றிய தவறுக்கு மட்டுமே இந்தக் கதவு திறக்கும். "என் வேலிக்குள்ள வந்தா வெட்டலாம்னு சட்டம் இருக்குன்னு நெனச்சேன்" என்பது சட்டத்தைப் பற்றிய தவறு. அதற்கு விலக்கே இல்லை. எல்லைப் பகுதியில் இதை நம்பிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர்.

அதிகாரிகள் விஷயத்திலும் மனநிலைக்கு இடம் உண்டு. கலால், வனத்துறை, போலீஸ் ஆட்கள் பதவியின் பேரில் நல்லெண்ணத்தோடு செய்யும் செயல், சட்டப்படி கொஞ்சம் பிசகியிருந்தாலும், சாவோ கொடுங்காயமோ வரும் என்ற அச்சத்தை உண்டாக்காதவரை அதற்கு எதிராகத் தற்காப்பு இல்லை. ஆனால் மப்டியில் வந்து கைவைப்பவர் அரசு ஊழியர் என்று தெரியாமலும், தெரிந்துகொள்ளக் காரணம் இல்லாமலும் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. பிரிவு 37-இன் விளக்கக் குறிப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது.

சரியான செயலா, மன்னிக்கப்பட்ட ஆளா?

முதல் ஓட்டுநரும் இரண்டாம் ஓட்டுநரும் தண்டனை இல்லாமல் போகலாம். இருவருக்கும் காரணம் ஒன்றுதானா? இங்கேதான் சட்டம் படித்தவர்களே தடுமாறுவார்கள்.

செயலே சரி என்று சட்டம் ஏற்றுக்கொண்டால் அதை நியாயம் என்போம். செயல் தவறுதான், ஆனால் செய்தவரைக் குறை சொல்ல முடியாது என்றால் அது மன்னிப்பு. நம் சட்டம் இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் போட்டு, இரண்டையும் "குற்றமாகாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. அதனால் வேறுபாடே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பிரிவு 36-இன் உதாரணத்தைப் படித்தால் அந்த எண்ணம் போய்விடும். பழைய சட்டத்தின் 98-ஆம் பிரிவிலிருந்து அப்படியே வந்த உதாரணம் அது.

ஒருவர் தனக்கு நுழைய உரிமையுள்ள வீட்டுக்குள் இரவில் நுழைகிறார். உள்ளே இருப்பவர் அவரை வீடு உடைக்க வந்த திருடன் என்று நல்லெண்ணத்தோடு நம்பித் தாக்குகிறார். தாக்கியவர் மீது குற்றம் இல்லை. ஆனால், அவர் தெரிந்தே தாக்கியிருந்தால் எந்த அளவுக்குத் தற்காத்துக்கொள்ளலாமோ, அதே அளவுக்கு உள்ளே நுழைந்தவர் திருப்பித் தற்காத்துக்கொள்ளலாம்.

இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறார்கள், இரண்டு பேர் மீதும் குற்றம் இல்லை! உண்மையான தற்காப்பில் இது நடக்கவே நடக்காது. கொடுவாளோடு வந்தவனைக் காவலாளி தடுத்து அடித்தால், அந்த அடிக்கு எதிராக "நானும் தற்காத்துக்கொண்டேன்" என்று கொடுவாள்காரன் சொல்ல முடியாது. நியாயமான செயலுக்கு எதிராகத் தற்காப்பு கிடையாது, மன்னிக்கப்பட்ட தவறுக்கு எதிராக உண்டு. மனநலம் குன்றியவரோ, விவரம் அறியாத சிறுவரோ தாக்கினாலும் இதே விதிதான். அவர்களுக்குத் தண்டனை இல்லை என்பதற்காக நீங்கள் அடி வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. என் கணக்கில், 150 ஆண்டுக்கும் மேலாகப் புத்தகத்தில் இருக்கும் இந்த நாலு வரி உதாரணம், நியாயம்–மன்னிப்பு பற்றிய பல நீண்ட கட்டுரைகளைவிடத் தெளிவானது.

மூன்றாமவர்: தெரியாமல் சரியாகிவிட்டவர்

இங்கிலாந்தில் 1850-இல் வந்த டாட்சன் வழக்கு இதற்கு முன்னோடி. மரம் திருட்டுப் போகும் ஒரு தோப்பில் காவல் இருந்த கான்ஸ்டபிள், விறகோடு ஓடியவனை நிற்கச் சொன்னார். நிற்காததால் காலில் சுட்டார். அன்றைய சட்டப்படி பெருங்குற்றம் செய்து தப்பி ஓடுபவனைச் சுடலாம். விறகுத் திருட்டு சாதாரணமாகப் பெருங்குற்றம் இல்லை. முன்பு இரண்டு முறை தண்டனை பெற்றவன் மறுபடி திருடினால் பெருங்குற்றம் ஆகிவிடும். ஓடியவன் அப்படிப்பட்டவன்தான். கான்ஸ்டபிளுக்கு அது தெரியாது. சுட்ட நேரத்தில் அவர் அறிந்த அளவில் அது சாதாரணத் திருட்டு என்று சொல்லி, நீதிபதிகள் தண்டனையை உறுதி செய்தார்கள்.

சட்ட அறிஞர்கள் இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் பால் ராபின்சன், விளைவு சமூகத்துக்குச் சரியாக அமைந்துவிட்டால் நம்பிக்கையைத் துருவ வேண்டாம், மிஞ்சினால் முயற்சிக் குற்றமாகக் கொள்ளலாம் என்பார். ஜார்ஜ் ஃபிளெச்சர், காரணம் தெரிந்து செய்பவருக்கு மட்டுமே நியாயம் சேரும் என்பார். நம் சட்டத்தின் சொற்கள் இரண்டாவது பக்கமே சாய்கின்றன. உரிமை தொடங்குவதே அச்சம் எழும்போதுதான் என்று எழுதியிருக்கும்போது, அச்சமே இல்லாமல் அடித்தவருக்கு அது எப்போது தொடங்கியது என்று காட்ட முடியாது. பழைய பகையில் ஒருவனை முதுகில் வெட்டிவிட்டு, அவன் இடுப்பில் கத்தி இருந்தது பிற்பாடு தெரிந்ததும் "பாத்தீங்களா, என்னைக் கொல்லத்தான் வந்திருக்கான்" என்பவர் இந்த மூன்றாம் ஓட்டுநர்தான். கத்தி இருந்தது உண்மை, ஆனால் வெட்டும்போது அவர் மனதில் அது இல்லை.

சுருக்கமாக: நிலவரமும் நம்பிக்கையும் சேர்ந்தால் நியாயம். நம்பிக்கை மட்டும், உரிய கவனத்தோடு இருந்தால், மன்னிப்பு. நிலவரம் மட்டும் இருந்தால் கைகொடுப்பது அரிது.

கோபமும் அச்சமும் கலந்திருந்தால்?

அடிக்க வந்தவன் மேல் ஏற்கெனவே பகை இருந்தது, அடிக்கும்போது ஆத்திரமும் வந்தது. இதனால் மட்டும் உரிமை போகாது. மனதில் அச்சமும் கோபமும் ஒன்றாகவே இருக்கும், சட்டத்துக்கும் அது தெரியும். தற்காப்பின் தேவை இருந்ததா என்பதே கேள்வி. ஆனால் அடிப்பதற்கு ஒரு சாக்கு வேண்டும் என்று தானே வம்புக்கு இழுத்து, எதிராளி கை ஓங்கியதும் வெட்டியவர் தாக்கியவராகவே கருதப்படுவார். இரண்டு பக்கமும் ஆள் சேர்த்து, நேரம் குறித்து, மோதிக்கொண்டாலும் பொதுவாக யாருக்கும் தற்காப்பு இல்லை. போலீசை அழைக்க நேரம் இருந்தும் அழைக்காமல் இறங்கினால், பிரிவு 37 உரிமையைத் தடுக்கும்.

அளவு மீறினால் மனம் மறுபடி கணக்கில் வரும்

தற்காப்பில் தேவைக்கு மேல் போனால் எல்லாம் போச்சு என்று நினைப்பது இன்னொரு தவறு. பிரிவு 101-இன் இரண்டாம் விதிவிலக்கு ஒரு நடுவழி வைத்திருக்கிறது. தற்காப்பு உரிமையை நல்லெண்ணத்தோடு பயன்படுத்தும்போது, முன்திட்டம் இல்லாமல், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணமும் இல்லாமல், எல்லை மீறி உயிர் போய்விட்டால் அது கொலையாகாது. கொலையாகாத மரணம் விளைவித்தல் ஆகும். கொலைக்குத் தண்டனை மரணம் அல்லது ஆயுள். இதற்குப் பிரிவு 105-இன்படி, எண்ணத்தோடு செய்திருந்தால் ஆயுள் அல்லது 5 முதல் 10 ஆண்டு. அறிவு மட்டும் இருந்திருந்தால் 10 ஆண்டு வரை.

சட்டமே தரும் உதாரணம்: ஒருவன் சவுக்கால் அடிக்க வருகிறான், கொடுங்காயம் வரும் அளவுக்கு இல்லை. அடிபடுபவர் துப்பாக்கியை எடுக்கிறார், அவன் நிறுத்தவில்லை. வேறு வழியே இல்லை என்று நல்லெண்ணத்தோடு நம்பிச் சுட்டுக் கொல்கிறார். கொலை இல்லை, விடுதலையும் இல்லை. முதல் அடிக்கும் பதினைந்தாவது அடிக்கும் இடையில் மனம் எங்கே மாறியது என்பதில்தான் நிஜ வழக்குகள் நிற்கும். விழுந்து கிடந்தவனை மேலும் பத்து முறை வெட்டியிருந்தால், "தேவைக்கு மேல் செய்யும் எண்ணம் இல்லை" என்பதை எந்த வக்கீலாலும் காப்பாற்ற முடியாது.

தோட்டமும் மின்வேலியும்

சொத்தைக் காக்கவும் தற்காப்பு உண்டு, ஆனால் அளவு குறைவு. பச்சை ஏலக்காய் பறித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு ஓடுபவனைப் பிடிக்கலாம், தள்ளலாம், தேவையான அளவு அடிக்கலாம். வெறும் திருட்டுக்கு உயிரை எடுக்க முடியாது. கொள்ளை, சூரியன் மறைந்து உதிக்கும்வரையான நேரத்தில் வீடு உடைத்தல், குடியிருக்கும் இடத்துக்கோ பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்கோ தீ வைத்தல், அல்லது சாவோ கொடுங்காயமோ வரும் என்ற நியாயமான அச்சத்தைத் தரும் திருட்டு போன்றவை என்றால் மட்டுமே உரிமை அதுவரை நீளும். பிரிவு 41 அதைச் சொல்கிறது.

பன்றிக்காக வேலியில் நேரடியாகக் கரண்ட் கொடுக்கும் பழக்கத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரவில் அதில் ஒரு மனிதர் சிக்கிச் செத்தால், "என் நிலத்தைக் காப்பாத்தத்தான்" என்ற பேச்சு நிற்காது. அந்த நேரத்தில் வேலி வைத்தவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். யாரைப் பார்த்தும் அவருக்கு அச்சம் எழவில்லை. யார் வருகிறார், எதற்கு வருகிறார், எவ்வளவு தடுத்தால் போதும் என்று எதையும் அவர் எடைபோடவில்லை. கம்பிக்கு எடைபோடத் தெரியாது: திருடனையும், வழி தவறிய குழந்தையையும், பால் கறக்கப் போகும் பெண்ணையும் ஒன்றாகவே கொல்லும். பீகாரில் கழிவறைக்குப் போகும் வழியில் மின்கம்பி வைத்து ஒருவர் இறந்த வழக்கில், அத்துமீறி நுழைந்தவரும் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே இல்லை என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் 1963-இல் தண்டனையை உறுதி செய்தது. கவனக்குறைவால் மரணம் என்ற அந்தப் பிரிவுக்கு அப்போது 2 ஆண்டு வரை தண்டனை, இப்போது பிரிவு 106-இல் 5 ஆண்டு வரை. ஆள் நடமாட்டம் தெரிந்தே வைத்திருந்தால் அதைவிடக் கடுமையான பிரிவும் வரலாம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

காட்டு விலங்கு விஷயத்திலும் மனநிலைக்கே முதலிடம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி, தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றால் குற்றமில்லை. அந்த நேரத்தில் அவர் அதே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் இந்த விலக்கு கிடைக்காது. வேட்டைக்குப் போன இடத்தில் காட்டெருமை பாய்ந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

தெரிந்து செய்வதும் எண்ணிச் செய்வதும்

பிரிவு 19-இல் இன்னொரு விலக்கு இருக்கிறது, அதற்குத் "தேவை" என்று பெயர். பெரிய தீங்கைத் தவிர்க்க, தீங்கு செய்யும் குற்ற எண்ணம் இல்லாமல், நல்லெண்ணத்தோடு சின்னத் தீங்கைச் செய்தால், அது வரும் என்று முன்பே தெரிந்திருந்தது என்ற காரணத்தால் மட்டும் குற்றமாகாது. ஒரு கப்பல் தலைவன், 20, 30 பேர் இருக்கும் படகின் மேல் ஏறாமல் திருப்பினால் 2 பேர் இருக்கும் படகுக்கு ஆபத்து என்று தெரிந்தும் திருப்புகிறான். தெரிந்திருந்தது, ஆனால் அந்த இருவரை மூழ்கடிப்பது அவன் எண்ணம் இல்லை. அவன் பிழையால் அந்த நிலை வராமல் இருந்திருந்தால் அவன் தப்புவான். வேண்டுமென்றே ஒருவரைக் கொன்று பிறர் பிழைப்பதற்கு இது இடம் தராது. கடலில் பசியால் தவித்த மாலுமிகள் சிறுவனைக் கொன்று தின்ற வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் 1884-இல் அதைக் கொலை என்றே தீர்த்தது.

மனதை எப்படி நிரூபிப்பது?

மனதைத் திறந்து காட்ட முடியாது. வெளியில் கிடக்கும் தடயங்களே அதைப் பேசும். காயம் முன்புறமா முதுகிலா. எத்தனை காயம். ஆயுதம் வீட்டிலிருந்து கொண்டுபோனதா, அந்த இடத்தில் கைக்குக் கிடைத்ததா. தற்காத்தவர் உடம்பிலும் காயம் உண்டா. முன்பு மிரட்டல் வந்து புகார் கொடுத்திருந்தாரா. சம்பவம் முடிந்ததும் ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரா, ஒளிந்துகொண்டாரா.

விலக்கைக் காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு. புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 108 அப்படிச் சொல்கிறது. ஆனால் அரசுத் தரப்பைப்போல் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அரசுத் தரப்புச் சாட்சிகளின் வாயிலிருந்தே அதைக் காட்டலாம். அவர் தற்காப்பு என்று வாய் திறந்து சொல்லாவிட்டாலும், ஆதாரத்தில் தெரிந்தால் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்கலாம் என்பது 1968-இலிருந்தே உச்ச நீதிமன்றத்தின் நிலை. இருந்தாலும் "நான் அந்த இடத்திலேயே இல்லை" என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு தற்காப்புக்கு வருவது, ஓட்டைப் படகில் ஏறுவது. அங்கே இல்லாதவருக்கு எப்படி அச்சம் வந்திருக்கும்?

அதனால் சம்பவம் நடந்த முதல் சில மணி நேரம் முக்கியம். காயம் சின்னதாக இருந்தாலும் அரசு மருத்துவமனையில் காட்டி, அங்கே காயங்களைப் பதியும் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் ஏற்றுங்கள். எப்படி வந்த காயம் என்று அங்கே சொல்வதும் பதிவாகும், பிற்பாடு கோர்ட்டில் படிக்கப்படும். கைதானால் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டியது சட்டப்படி கட்டாயம். கேட்டு வாங்குங்கள். கிழிந்த, இரத்தம் பட்ட சட்டையைத் துவைக்காதீர்கள்.

கேரளப் பகுதியில் அடிபட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் ஓடி வந்தவர், "அங்கேதான் புகார் கொடுக்கணும்" என்று திருப்பி அனுப்பப்பட்டால் ஏமாற வேண்டாம். எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173 சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மலையாளத்தில் எழுதியதை வாசித்துத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். அவன் கையில் என்ன இருந்தது, எவ்வளவு பக்கத்தில் வந்தான், என்ன சொன்னான், அப்போது எதற்குப் பயந்தீர்கள் என்ற நான்கும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். "சண்டையில் அடித்துவிட்டேன்" என்ற ஒரு வரியாக அது சுருங்கியிருந்தால், அச்சம் என்ற பாகமே வழக்கிலிருந்து விழுந்துவிடும்.

குற்றம் சாட்டப்பட்டவராக நிற்பவர் போலீசிடம் சொல்லும் குற்ற ஒப்புதல் அவருக்கு எதிராகச் சாட்சியமாகாது. வக்கீலைப் பார்க்கும் உரிமை விசாரணையின்போதே உண்டு. காவலில் இருப்பவர்கள், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எதுவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி கிடைக்கும். தாலுகா சட்டப் பணிகள் குழுவில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும், காவலில் இருப்பவர் சார்பில் வீட்டார் கொடுத்தாலும் ஏற்பார்கள்.